இரத்தம் கூறும் செய்தி

கடுந்தொற்று கண்ட நோயாளிக்கு மருந்து தொடங்குவதில் வைத்தியர் அதிகம் தயங்குவதில்லை. சில மணி நேரத் தாமதமும் உயிரைப் போக்கக்கூடும். எப்பொழுது நிறுத்துவது என்பதே அவரை வருத்தும் வினா. முந்தி நிறுத்தினால் நோய் மீளும். வீணே நீடித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். காய்ச்சலும் நாடியும் எப்பொழுதும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. ஆதலின் இரத்தத்தையே வினவும் முறை தோன்றியது.

1930ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலைய வைத்தியசாலையில் வில்லியம் ரில்லற், தொமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தை ஆராய்ந்தனர். அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்னும் பொருளை நோயாளரின் இரத்தத் தெளிநீரில் இட்டபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்தவர்களிடத்தோ அது தோன்றவில்லை. பெனிசிலின் நோயாளியின் படுக்கையை எட்டாத காலம் அது! இவ்வினைக்குக் காரணமான புரதமே இன்று பரிசோதனைத் தாள்களில் 'சீ.ஆர்.பி.' என நாம் காண்பது. ஈரல் அதனை ஆக்குகின்றது. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரம் செல்லும். நோய் எதுவாயினும் இவ்வேகம் மாறுவதில்லை. எனவே அதன் ஏற்றமும் இறக்கமும் ஈரலின் உற்பத்தியையே காட்டும். மருந்து பலித்து உற்பத்தி அடியோடு நின்றுவிடின், லீற்றருக்கு 300 மில்லிகிராமாக இருந்தது மறுநாள் 125 அளவிற்கு இறங்கும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடைமுறையில் உற்பத்தி சிறிது சிறிதாகவே அடங்குவதால் இறக்கமும் மெதுவாகவே நிகழும்.

மற்றொன்று 'புறோகல்சிற்றோனின்'. நலமுள்ளோரில் தைரொயிட் சுரப்பி இதனைக் கல்சிற்றோனின் என்னும் ஓமோனாக மாற்றிவிடுவதால், இரத்தத்தில் இது இல்லையென்றே கூறலாம். பற்றீரியாத் தொற்று கடுமையாகும்போதோ பல இழையங்களும் இதனைச் சொரிகின்றன. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1993இல் இதனை வெளிப்படுத்தினர்.

நெதர்லாந்தில் சுமார் 1,500 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. புறோகல்சிற்றோனின் உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, லீற்றருக்கு 0.5 மைக்குறோகிராமாக இறங்கினாலோ மருந்தை நிறுத்தலாம் என்பது விதி. அவ்வறிவுரையை மறுக்கும் உரிமையும் வைத்தியர்க்கு இருந்தது, அது நியாயமே. வழக்கமாக 7 நாள் கொடுத்த மருந்து 5 நாளிலே முடிந்தது. இறப்போ கூடவில்லை, குறைந்தது. பிரித்தானியாவில் 2,760 பேரிடம் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், புறோகல்சிற்றோனின் மருந்துக் காலத்தை ஒரு நாளளவு சுருக்கிற்று. மூத்ததாகிய சீ.ஆர்.பி. அவ்வாறு உதவவில்லை.

பெரிய சத்திரசிகிச்சையும் கடும் எரிகாயமும் தொற்றில்லாமலே இவ்விரண்டையும் உயர்த்தும். எனவே ஒருநாள் எண்ணைப் பார்த்து நோயாளியின் குடும்பத்தார் கலங்கவோ மகிழவோ வேண்டியதில்லை. நாளுக்கு நாள் அது செல்லும் திசையை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும், மருந்தைத் தொடங்குவதற்குப் புறோகல்சிற்றோனினை நம்பவேண்டாம் என்றும், நிறுத்தும் நாளைத் தெளிவாக அறிய முடியாதவிடத்து நோயாளியின் நிலையோடு சேர்த்து நோக்கலாம் என்றுமே கூறுகின்றது.