அழகர்கோவிலுக்கு இப்பால் ஒரு நட்சத்திரம்

மீனாட்சியம்மன் கோயிலில் கவராயத்தின் முனையை ஊன்றி 12 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் வரைந்தால், திருப்பரங்குன்றமும் ஆனைமலையும் அதற்குள் அடங்கிவிடும். அழகர்கோவில் வெளியே நின்றுவிடும். அவ்வளவே விரிவுள்ள ஒரு கோளத்துக்குள், சூரியனைப்போல் 1.4 மடங்கு பாரமுள்ள வஸ்துவை இயற்கை அடைத்து வைத்திருக்கிறதென்றால் நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். ஆனால், நியூட்ரான் நட்சத்திரம் என்று வானசாஸ்திரிகள் சொல்வது அத்தகைய பொருளையேதான்.

அணுக்கருவின் அடர்த்தியே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கோடி டன். இந்த நட்சத்திரத்தின் நடுவிலோ அதைப்போலப் பல மடங்கு. அந்த நெருக்கத்தில் நியூட்ரான் நியூட்ரானாகவே நிலைத்திருக்குமா, தன் உட்துகள்களான குவார்க்குகளாகக் கரைந்துவிடுமா என்பதைப் பூலோகத்தின் எந்தப் பரிசோதனைச் சாலையிலும் நேரே சோதித்துப் பார்க்க இயலாது. ஆகவே சித்தாந்திகள், அமுக்கினால் அந்தத் திரவியம் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதைச் சொல்லும் நிலைச் சமன்பாடுகளைத் தத்தம் கணக்குப்படி ஏராளமாக எழுதிவைத்தார்கள். திரவியம் இளகியதானால் ஆரம் 10 கிலோமீட்டரை ஒட்டி வரும். விறைத்ததானால் 14ஐ எட்டும். நாலு கிலோமீட்டருக்கா இத்தனை வாக்குவாதம் என்று கேட்கத் தோன்றலாம். பிரபஞ்சத்தின் மிக அடர்ந்த பொருளின் சுபாவமே அந்த நாலு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

2017 ஆகஸ்ட் 17ஆம் தேதி, நம் ஊர்க் கடிகாரங்கள் மாலை 6 மணி 11 நிமிடம் காட்டிய வேளையில், 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் சுற்றிச் சுற்றி நெருங்கி மோதியதால் எழுந்த ஈர்ப்பலைகள், அதாவது வெளியையே நீட்டிச் சுருக்கும் அதிர்வுகள், பூமியைக் கடந்து சென்றன. வைகைக் கரையில் நின்றவர்களின் தேகத்தையும் அவை ஊடுருவித்தான் போயின, ஒருவரும் அறியவில்லை. ஈர்ப்பலைகளை உணர்வதற்கென்றே அமெரிக்காவில் அமைந்த இரு லைகோ நிலையங்கள் அவற்றைச் சுமார் 100 வினாடி பதிவு செய்தன. 1.7 வினாடி கழித்துக் காமாக் கதிர்கள் வந்தன. பின்னர் தொலைநோக்கிகள் அந்தத் திசையில் திரும்பின. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளின் பொன்னிலும் ஒரு பங்கு இத்தகைய மோதலில் பிறந்திருக்கக்கூடும் என்ற செய்தியைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. எனக்கோ அதைவிட ரசமாகத் தோன்றுவது வேறொன்று.

சந்திரன் கடலை இழுத்து ஓதத்தை எழுப்புவதுபோல, நெருங்கிவரும் இரு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று நீட்டி உருக்குலைக்கின்றன. அதற்குச் செலவாகும் சக்தி சுற்றுப்பாதையிலிருந்தே எடுக்கப்படுவதால், வெறும் புள்ளிகளாக இருந்தால் கலந்திருக்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே அவை கலந்துவிடுகின்றன. அலைகளின் வரிசையில் இது மிக நுண்ணிய முந்தலாகத் தெரியும். உருக்குலையும் இயல்போ பெரும்பாலும் ஆரத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது. 10 கிலோமீட்டர் 12 ஆனால் அது ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். இந்த முந்தலை இனங்காண வேண்டுமானால், முதலில் புள்ளிகளின் கணக்குப் பிசகில்லாமல் இருக்க வேண்டுமல்லவா? அந்தக் கணக்கை நுட்பப்படுத்தியவர்களுள், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பாலா ஐயரும் ஒருவர். பிரெஞ்சு, அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து அவர் 1995இல் வெளியிட்ட சூத்திரங்கள் இத்துறையில் இன்றும் அஸ்திவாரமாக இருந்துவருகின்றன.

அலைகளை ஆராய்ந்ததில், மிக விறைத்த திரவியத்தைச் சொன்ன சமன்பாடுகள் தள்ளுபடியாயின. 2018இல் லைகோ குழுவினர் கூறிய ஆரம் 11.9 கிலோமீட்டர்; கூடுதலோ குறைவோ 1.4. சூரியனைப்போல் இரு மடங்கு பாரத்தைத் தாங்கும் நியூட்ரான் நட்சத்திரங்கள் ஏற்கெனவே காணப்பட்டிருப்பதால், மிக இளகிய திரவியத்துக்கும் இடமில்லை.

இங்கே வானசாஸ்திரி சந்திரசேகரை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கப்பலேறிய அவர், வெண்குறு நட்சத்திரங்களின் பாரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டென்று நிறுவியதைப் பலரும் அறிவர். சுழலும் திரவக் கோளங்கள், உடன் சுற்றும் துணையின் இழுப்பால் எவ்வாறு நீள்கின்றன என்பதையும் ஆராய்ந்து, 1969இல் ஒரு முழு நூலே எழுதினார் என்பதை அறிந்தவர் சிலரே. ஈர்ப்பலை என்ற ஒன்று கருவியில் சிக்குவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, அதைப் படித்தறிய வேண்டிய பாடத்தின் ஒரு பகுதியை அவர் எழுதி முடித்துவிட்டார்.

ஆயினும், திரவியம் எவ்வளவு விறைப்பு என்று அலைகள் சொன்னதையே அது எதனால் ஆனது என்று சொல்லிவிட்டதாகக் கொள்வது தவறு. மோதலுக்குப் பின் எஞ்சியது அதிர்ந்திருந்தால், அந்த அதிர்வு வினாடிக்கு ஆயிரக்கணக்கானதாக இருந்திருக்கும். அதை உணரும் கூர்மை அன்றைய கருவிகளுக்கு இல்லை. இனி வரும் அலைகளைப் பதிவு செய்ய, மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் நமக்கென்று ஒரு லைகோ நிலையம் அமைக்க 2023இல் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி அளித்திருக்கிறது. அந்தக் கருவியை இயக்குவதற்கும் அதன் பதிவுகளைப் படிப்பதற்கும் ஆட்கள் வேண்டும். மதுரை வட்டாரக் கல்லூரிகளில் பௌதிகம் பயிலும் பிள்ளைகள் இப்போதே அதற்கு ஆயத்தமாகத் தொடங்கலாம்.