மணியும் நூலும் – 11: துளையைப் பார்த்து வாங்குங்கள்

நூல், நரம்பு, ஊசி மூன்றையும் போன வாரம் முடித்தாயிற்று. எந்த எடைக்கு எந்த நரம்பு என்ற பட்டியலை மறுபடி சொல்லப்போவதில்லை. வெட்டி வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்துங்கள். இந்த வாரம் கொக்கியும் ஸ்டோன் செயினும் என்று சொல்லியிருந்தேன். அவை எங்கும் ஓடிவிடாது. சௌகார்பேட்டைச் சந்துகளில் மணிச்சரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என் பழைய பைத்தியம் திரும்பி வந்துவிட்டது.

மணி வாங்க வருபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், பளபளப்பைப் பார்க்கிறார்கள், சரம் என்ன விலை என்கிறார்கள். துளையைப் பார்ப்பவர் அபூர்வம். நான் லென்ஸை எடுத்தால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். “பத்து ரூபா மணிக்கு வைரத்துக்குப் பாக்கற மாதிரி பாக்கிறீங்களே மேடம்” என்றார் ஒருவர். பத்து ரூபாய்ப் பொருளில்தான் அண்ணே பொய் அதிகம் என்றேன். சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து வேறு டப்பாவை எடுத்து வைத்தார்.

முத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போலி முத்தின் மேல்பூச்சு முதலில் உரியும் இடம் துளையின் விளிம்பு. அங்கே ஏடு ஏடாகப் பெயர்ந்து உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ தெரிந்தால் சமாச்சாரம் முடிந்தது. அதையே வாங்கலாம், தப்பில்லை. முத்து விலை கொடுக்காதீர்கள். சாயம் ஏற்றிய கல்மணியிலும் இதே கதை. சாயம் துளைக்குள்ளும் விரிசலிலும் அடர்ந்து தேங்கியிருக்கும். ‘சில்வர் லைன்’ சீட் பீட்ஸில் வெள்ளிப் பூச்சு இருப்பதே துளைக்குள்தான். இன்னும் மினுங்கட்டும் என்று அந்தத் துளையைச் சதுரமாகக்கூட வைப்பார்கள். வியர்வை அதிகம் படும் இடத்தில் பூச்சு நாளடைவில் கறுத்துப்போகும். கழுத்தை ஒட்டிய நகைக்கு நான் எடுப்பதில்லை.

குச்சி குச்சியாக இருக்கும் பைப் மணி வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அது வெறுமனே நறுக்கிய கண்ணாடிக் குழாய். பல ரகங்களில் முனை கத்தி மாதிரி இருக்கும், நூலை அறுத்துவிடும். ஒவ்வொரு குச்சிக்கும் இருபுறமும் ஒரு சிறு உருண்டை மணி கோத்தால் நூல் பிழைக்கும். ஆரி வேலைக்காரர்களுக்கு இது பாலபாடம். புதிதாகக் கம்மல் செய்ய வருபவர்கள்தான் அறுந்த பிறகு நூல் கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

சரி, உருண்டை மணியின் முனை மட்டும் ஏன் அறுப்பதில்லை? இந்தக் கேள்விதான் இந்த வாரம் கொக்கியைக் கவிழ்த்தது.

திருப்பதிப் பக்கம், ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர். அங்கே கண்ணாடி மணி செய்த முறையைப் படித்தபோது அரைமணி நேரம் வேறு வேலை ஓடவில்லை. மணி செய்து துளை போடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அங்கே துளைதான் முதலில். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டுவார்கள். அந்தக் குழாய்க்கு லாடா என்று பெயர். கூம்பின் நடுவே கம்பியைச் செலுத்தித் துளை உண்டாக்கி, உலைக்குள் வைப்பார்கள். மறுபுறம் ஒருவர் முனையைக் கொக்கியால் பற்றி இழுக்கத் தொடங்குவார். கை மாற்றிக் கை மாற்றி, சில மணி நேரம் இழுத்துக்கொண்டே இருப்பார். திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பதுபோல கண்ணாடி நீளும். எவ்வளவு மெலிந்தாலும் நடுவிலுள்ள காற்று விட்டுப்போகாது. கடைசி முழம் வரை துளை இருக்கும். பிறகு குழாயை ஒடித்து, தரையில் நட்ட கத்தி விளிம்பில் வைத்துத் துணுக்குத் துணுக்காக நறுக்குவார்கள்.

நறுக்கிய துணுக்கு பைப் மணியைப் போலக் கூராகத்தான் இருக்கும். அதைச் சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டு மறுபடி சூடேற்றுவார்கள். சூட்டில் விளிம்பு உருகி மழுங்கும். சாம்பல் துளைக்குள் புகுந்து அது அடைபடாமல் காக்கும். மணியோடு மணி ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். நூலை அறுக்காத உருண்டை மணியின் ரகசியம் ஒரு பிடி சாம்பல்!

அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்த முறையை ஆராய்ந்து, நம் அரிக்கமேட்டு மணிகளோடு முடிச்சுப் போட்டார். தொல்லியலாளர் வீலர் 1945-ல் தோண்டிய அதே அரிக்கமேடுதான், புதுச்சேரிக்குப் பக்கத்தில். இப்படி இழுத்துச் செய்த சிறு மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் எயோ என்று கடல் தாண்டி இந்த வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆசியாவின் கடல்வழி மணி வணிகம் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் 2002-ல் வெளிவந்தது. நகைப் பிரியர்கள் அதைக் கடன் வாங்கியாவது படிக்க வேண்டும். கொடுப்பவர்கள் திரும்பக் கேட்கத் தயங்காதீர்கள்.

கடையில் இதனால் என்ன பயன் என்பீர்கள். லென்ஸில் பாருங்கள். இழுத்துச் செய்த மணியில் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் துளையின் திசையிலேயே நீண்டு ஓடும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளையும். சுற்று மணிக்குள் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பூஞ்சை என்று பயந்து திருப்பித் தராதீர்கள். கண்ணாடி கம்பியோடு ஒட்டாதிருக்கப் பூசியது அது. ஊறவைத்து ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டுக் கோத்திடுங்கள். இல்லாவிட்டால் அதுவே நூலைத் தேய்க்கும்.

கல்மணி வேறு சாதி. அதில் உண்மையாகவே குடைய வேண்டும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பாதி வேலையில் நின்ற கல்மணிகள் அகழாய்வில் கிடைத்தன. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அகேட் கல்லை வைரமுனைத் துரப்பணத்தால் துளைக்கிறார்கள். பெரும்பாலும் இரு பக்கத்திலிருந்தும் குடைவதால் நடுவில் சந்திக்கும் இடம் சற்றே பிசகலாம். ஊசி பாதியில் முட்டுகிறதே என்று ஓங்கிக் குத்தினால் கல் பிளக்கலாம்.

அளவைப் பற்றி ஒரு வரி. சீட் பீட்ஸில் எண் கூடினால் மணி சிறுக்கும்: 8 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 11 என்றால் 2-க்குச் சற்றுக் கூட, 15 என்றால் ஒன்றரை. மொத்தக் கடைப் பாக்கெட்டில் 450 கிராம் என்று போட்டிருக்கும். பவுண்டுக் கணக்கு இன்னும் போகவில்லை. 11-ஆம் எண் மணி கிராமுக்குச் சுமார் 110 நிற்கும். பெருக்கிப் பாருங்கள், ஒரு பாக்கெட்டில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் துளை! அத்தனையிலும் ஊசி போகாது. மட்டமான ரகத்தில் அடைபட்டதும் கோணலும் கணிசமாக இருக்கும். அதனால் நீங்கள் பயன்படுத்தும் அதே ஊசியையும் அதே நூலையும் கடைக்கு எடுத்துப்போய், ஒரு பிடி அள்ளிப் பத்து மணியாவது கோத்துப் பாருங்கள். இரண்டு முறை நூல் போக வேண்டிய வேலையா? அங்கேயே இரண்டு முறை விட்டுப் பாருங்கள். கோக்க விடாத கடையில் பாக்கெட் வாங்காதீர்கள், சரம் வாங்குங்கள். சரத்தில் கோத்திருப்பதாலேயே பாதிச் சோதனை முடிந்திருக்கும்.

கொக்கி, ஜம்ப் ரிங், ஸ்டோன் செயின் மூன்றும் அடுத்த வாரம் கட்டாயம். அதற்குள் ஒரு வீட்டுப்பாடம்: உங்களிடமுள்ள ஜம்ப் ரிங்குகளில் வாய் சரியாக மூடாதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.