எழுந்து நின்றது கரடி!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் இவை. ரசாயனச் சரக்குகள் வருவதற்கு முன்பு, இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் ஆகியவை வேண்டியிருந்தன. கொன்றையும் கடுக்காயும் ஜவ்வாது மலை போன்ற காடுகளில் கிடைப்பவை. அந்தக் காடுகளில் கரடியும் உண்டு.

கொன்றை மரத்தில் மனிதனுக்குப் பட்டை வேண்டும். கரடிக்கோ பழம் வேண்டும்! இலந்தை, நாவல், அத்தி, தேன், கறையான் எல்லாம் அதற்குப் பிடித்த தீனி. ஆகவே மனிதனும் கரடியும் ஒரே இடத்தைத் தேடிப் போகிறார்கள். புலியைவிடக் கரடிக்கே அதிகம் அஞ்சும் காட்டுவாசிகள் பலர்.

ஏன் பாய்கிறது?

கரடி மனிதனைத் தின்பதற்காகப் பாய்வதில்லை. அதற்குக் கண் பார்வை மந்தம். காதும் அவ்வளவு கூர்மையில்லை. மூக்கு ஒன்றுதான் கூர்மை. கறையான் புற்றைத் தோண்டி, உதட்டைக் குழல்போல் குவித்து, "உர்ர்" என்று உறிஞ்சும். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாதது இதற்கு வசதி. உறிஞ்சும் சத்தம் வெகுதூரம் கேட்கும். அந்தச் சத்தத்தில், ஆள் நடந்து வருவது கரடியின் காதில் விழாது.

தலையை நிமிர்த்துகிறது. எதிரே ஆள்! பயந்துபோன கரடி ஓடாமல் பாய்ந்துவிடுகிறது. மூன்று, நான்கு அங்குல நீளமுள்ள நகங்கள்! பெரும்பாலும் தலையிலும் முகத்திலுமே காயம். பிழைத்தவர்கள் பலர், அந்த வடுவோடுதான் வாழ்கிறார்கள்.

பன்னிரண்டு பேரைக் கொன்ற கரடி

பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974). ஜோலார்பேட்டை பக்கத்திலுள்ள ஏலகிரியிலும் ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடி அலைந்தவர். அவர் 1957-ல் வெளியிட்ட ஒரு நூலில் ஒரு பொல்லாத கரடியின் கதை வருகிறது.

மைசூர் ராஜ்யத்தில், அர்சிகெரே ஊருக்கு அருகே நாகவாரா குன்றுகள். பாறையும் புதருமான இடம். அங்கிருந்த ஒரு கரடி 12 பேரைக் கொன்றது. இன்னும் சுமார் 24 பேரைக் கடித்துக் குதறியது. கண் போனவர்கள் உண்டு, மூக்கு போனவர்கள் உண்டு.

ஏன் இத்தனை வெறி? ஊரில் பல பேச்சுகள். அந்தக் கரடி ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்றதாம், ஊரார் அவளை மீட்டு வந்துவிட்டார்களாம். அந்தக் கோபமாம்! இது வெறும் கதை. அதன் குட்டிகளை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. நம்பும்படியாக இருப்பது இதுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு தர்கா. அதைப் பார்த்துக்கொண்டவர் ஆலம் பக்ஸ் என்ற முதியவர். ஆண்டர்சனுக்கு நண்பர். தர்காவின் அருகே அத்திமரம். பழம் தின்னக் கரடி வரும். ஓர் இரவு ஆலம் பக்ஸின் மகன் வெளியே வந்தான். 22 வயது வாலிபன். இருட்டில் கரடியின் எதிரிலேயே போய்விட்டான். கழுத்திலும் முகத்திலும் கடி. விடியும் முன்பே உயிர் போய்விட்டது.

செய்தி அறிந்து ஆண்டர்சன் வந்தார். தேடினார். கரடி அகப்படவில்லை. இரண்டாவது முறையும் தோல்வி. கரடி மேலும் ஆட்களைத் தாக்கியது. மூன்றாவது முறை, இரவில் மரத்தடியில் துப்பாக்கியுடன் காத்திருந்தார்.

சருகு சத்தம் கேட்டது. டார்ச் விளக்கை அடித்தார். கரடி திடுக்கிட்டுப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது! அதன் கறுத்த நெஞ்சில் வெள்ளைக் குறி பளிச்சென்று தெரிந்தது. அந்தக் குறியின் நடுவில் குண்டு பாய்ந்தது.

ஆண்டர்சன் துணிச்சல்காரர்தான். ஆனால் அவர் கையில் துப்பாக்கி இருந்தது. விளக்கு இருந்தது. கரடி வரும் என்பதும் தெரிந்திருந்தது. ஆலம் பக்ஸின் மகனுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தவழ்ந்து வந்த வேட்டைக்காரர்

துப்பாக்கி இருந்தாலும் தப்பலாம் என்று நிச்சயமில்லை. அமெரிக்காவில் 1823-ம் ஆண்டு ஹியூ கிளாஸ் என்ற வேட்டைக்காரர், குட்டிகளோடு நின்ற ஒரு பெரிய கரடியிடம் சிக்கினார். உடலெல்லாம் கிழிந்தது. இறந்துவிடுவார் என்று எண்ணிக் காவலுக்கு நின்ற இருவரும், அவருடைய துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவரோ கண் விழித்தார்! தவழ்ந்தும் நொண்டியும் சுமார் 200 மைல் கடந்து கையோவா கோட்டையை அடைந்தார். உடன் வந்தவர்களே கைவிட்ட பிறகு, உயிர்மீது இருந்த ஆசை ஒன்றுதான் அவருக்குத் துணை.

எதிரே வந்தால்?

இன்று நம் நாட்டில் கரடி வேட்டை குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியைக் காக்கிறது. ஆனால் கடுக்காய்க்கும் தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தனியாகப் போகக் கூடாது. நாலு பேராக, உரக்கப் பேசிக்கொண்டு போக வேண்டும். சத்தம் கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிவிடும்.

தூரத்தில் பார்த்தால் மெல்லப் பின்வாங்கலாம். ஓடிப் பயனில்லை, அது நம்மைவிட வேகமாக ஓடும். மரம் ஏறியும் பயனில்லை, அதுவும் ஏறும்! மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, பிடரியைக் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பதே நல்லது என்கிறார்கள் கரடியை ஆராய்ந்தவர்கள். முகமும் கழுத்தும் தப்பினால் உயிரும் பெரும்பாலும் தப்பும்.

தாய்க்கரடி தன் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால், எவ்வளவு கடுக்காய் உதிர்ந்து கிடந்தாலும், வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான்.