டப்பாவும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

சென்ற ஆண்டு அம்மா மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். அப்பாவுக்கு வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். எதிர்வீட்டு மலாய் மக்சிக் தினமும் மாலையில் ஒரு பச்சை டப்பாவில் சோறும் குழம்பும் கொண்டுவந்து கொடுப்பார். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்பதால் மீனோ கோழியோ பார்த்துச் சமைப்பார். வேலை முடிந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு நான் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். எனக்கும் அதில் பங்கு இருக்கும்.

அம்மா வீடு வந்ததும் 100 வெள்ளிக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டு வாங்கினேன். உறையின்மேல், ‘ரெசிப்ரோகேட்’ செய்ய விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அலுவலக மின்னஞ்சலில் பழகிய சொல். மரியாதையாகத் தெரிந்தது.

மறுநாளே உறை திரும்பி வந்தது. “நான் என்ன கேட்டரிங்கா நடத்துறேன்?” என்று மலாயில் கேட்டார் மக்சிக். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் எப்போதும் திறந்திருக்கும் அவர் வீட்டுக் கதவு அடுத்த பத்து நாள் சாத்தியே இருந்தது.

பிறகுதான் அகராதியைப் பார்த்தேன். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘பின்னும் முன்னுமாகப் போய்வருவது’ என்று பொருள். கடல்நீர் ஏறி இறங்குவதை ரோமானியர்கள் அப்படிச் சொன்னார்கள். எஞ்சினில் பிஸ்டன் போய்வருவதற்குப் பொறியாளர்கள் இன்றும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாழ்த்து, அன்பு, விருந்து போன்றவற்றோடு அது இயல்பாகச் சேரும். கடனை அடைத்துக் கணக்கை முடிப்பதற்கு ‘ரீபே’ இருக்கிறது. நான் எழுதியது ஒன்று, செய்தது இன்னொன்று.

‘மியூச்சுவல்’ இதற்குப் பக்கத்துவீட்டுச் சொல். அது இருவரிடமும் ஒருசேர இருப்பதைக் குறிக்கும். ‘ரெசிப்ரோகேட்’டுக்கு ஒருவர் முதலில் தொடங்க வேண்டும்.

இதன் உறவுக்காரச் சொல்லான ‘ரெசிப்ரோகல்’, 2025 ஏப்ரலில் அமெரிக்கா புதிய வரிகளை அறிவித்தபோது எல்லார் வாயிலும் அடிபட்டது. பதிலுக்குப் பதில் வரியாம். 2004 முதல் நடப்பில் உள்ள தடையற்ற வர்த்தக உடன்பாட்டின்கீழ் சிங்கப்பூர் அமெரிக்கப் பொருள்களுக்கு வரியே விதிப்பதில்லை. இருந்தும் நமக்கு 10 விழுக்காடு! அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருந்தால் சிங்கப்பூருக்கு வரியே இருக்கக்கூடாது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் அப்போது சுட்டினார். பெரிய இடத்திலும் சொல்லும் செயலும் ஒத்துப்போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

அம்மா அகராதியெல்லாம் பார்ப்பதில்லை. அவரிடம் பழைய மொய் நோட்டு இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகுமுன் அதைப் புரட்டி, அவர்கள் நமக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார். சரிக்குச் சரி வைத்தால் உறவை முறித்துக்கொள்கிற மாதிரி என்பார். உறை விஷயம் தெரிந்ததும், “காசைக் கொடுத்து வாயை அடைச்சிட்டியே” என்று என்னைத் திட்டினார்.

அந்தப் பச்சை டப்பா எங்கள் வீட்டிலேயே கிடந்தது. கழுவி, வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுக்க இருந்தேன். அம்மா உட்கார்ந்தபடியே மாவு பிசைந்து, என்னைப் பிழியவைத்து, முறுக்கு நிரப்பி என் கையில் கொடுத்தார். தட்டியதும் கதவு திறந்தது. அம்மாவின் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டபடியே மக்சிக் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதே டப்பாவில் கறிபாப் வந்தது. இப்போது டப்பா எங்கள் சமையலறையில் இருக்கிறது. இந்த வாரம் எங்கள் முறை.