வராத ஓட்டை யார் எண்ணுவது?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய பேச்சை இங்கே முழுமையாகத் தருகிறேன். அன்று ஒளியேறாத ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

விளம்பர இடைவேளையின்போது பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஜொகூர், கூலாய் பக்கத்தைச் சேர்ந்தவர். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு தாமானுக்கு வந்தவர். "போட்டுப் போட்டு சலிச்சுப் போச்சு, தங்கச்சி. 2022 ஜொகூர் தேர்தலுக்கு நான் போகவே இல்ல. வேணும்னுதான் போகல. அது அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். ஒலிவாங்கி அவர் கையில் இல்லை. நானும் "அடுத்த பகுதியில் பேசலாம், ஐயா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அடுத்த பகுதியில் பேசவும் இல்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

அவர் சொன்ன தேர்தல் 2022 மார்ச் 12-இல் நடந்தது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காட்டினர்தாம். தேசிய முன்னணி 56 தொகுதிகளில் 40-ஐப் பிடித்தது. ஆனால் அது பெற்ற வாக்குகள் சுமார் 43 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற வாக்காளர்களில் நால்வருக்கு ஒருவர்கூட முழுதாக ஆதரிக்காத நிலையில், சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கிடைத்துவிட்டது. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. நமது தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றியாளர். எத்தனை பேர் வரவில்லை என்று அந்த முறை கேட்பதே இல்லை.

வராதவர்களைப் பற்றித் தேர்தல் முடிந்ததும் ஆளுக்கொரு விளக்கம் வந்தது. கோவிட் பயம் என்றார் ஒருவர். சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் திரும்ப முடியவில்லை என்றார் இன்னொருவர். அதுவும் உண்மைதான், தரைவழி எல்லை முழுமையாகத் திறந்ததே அந்த ஏப்ரல் முதல் தேதியில்தான். தேர்தல் மேல் தேர்தல் வந்த சலிப்பு என்றும் சொன்னார்கள். கூலாய்ப் பெரியவரின் கோபமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருந்தது. காய்ச்சலில் படுத்தவரையும், கோபத்தில் கதவைச் சாத்தியவரையும் வாக்காளர் பட்டியல் ஒரே மாதிரிதான் காட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாக்களிப்பு விழுக்காடு குறைந்தால் உடனே மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்று தலைப்புப் போடுவது எங்கள் ஊடகத் துறையின் பழக்கம். 2018 பொதுத் தேர்தலில் 82 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2022-இல் அது 74 விழுக்காடாக இறங்கியது. இடையில் 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தன. 1 கோடியே 49 இலட்சமாக இருந்த பட்டியல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. விழுக்காடு இறங்கினாலும், வாக்களித்த தலைகள் முப்பது இலட்சத்துக்கும் மேல் கூடின. முன்பெல்லாம் அக்கறை இல்லாதவர் பதிவே செய்யாமல் இருந்தார், கணக்கில் தெரியவில்லை. இப்போது தெரிகிறார்.

கோபத்தைக் காட்ட இரண்டாவது வழி, செல்லாத வாக்கு. 2018 ஜனவரியில், டாக்டர் மகாதீரைப் பிரதமர் வேட்பாளராகப் பக்காத்தான் ஹராப்பான் அறிவித்த பிறகு, "உண்டி ரோசாக்" என்ற இயக்கம் சமூக ஊடகங்களில் சூடு பிடித்தது. இவரும் வேண்டாம் அவரும் வேண்டாம், வாக்குச் சீட்டைக் கெடுத்துப் போடுவோம் என்றார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டியவர்கள் தவறு செய்தார்கள். வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, சீட்டைக் கெடுப்பவர் சோம்பேறியாக இருக்க முடியாது. ஆனால் அந்தச் சீட்டுக்கு என்ன ஆகிறது? எண்ணும் இடத்தில் நிரப்பப்படும் 14-ஆம் எண் பாரத்தில், நிராகரிக்கப்பட்ட வாக்குகள் என்ற ஒரே எண்ணுக்குள் அது போய்விடும். கண் தெரியாமல் இரண்டு கட்டத்தில் பெருக்கல் குறி போட்ட பாட்டியும் அதே எண்ணுக்குள்தான். வேட்பாளர்களின் வைப்புத் தொகையும் செல்லும் வாக்குகளைக் கொண்டே முடிவாகிறது. அனைத்து வேட்பாளர்களும் பெற்ற வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைத்தால் பணம் திரும்பும். கெடுத்துப் போட்ட சீட்டு அந்தக் கூட்டுத் தொகையில் சேராது. யார்மேல் கோபமோ அவர் தாண்ட வேண்டிய கோட்டையே அது கொஞ்சம் தாழ்த்தித் தருகிறது. அந்த ஆண்டு மே 9-இல் அலை வீசியபோது, அந்த இயக்கத்தின் பேச்சே அடிபடவில்லை.

மூன்றாவது வழி சிறிய கட்சிக்குப் போடுவது. இதில்தான் நம் சமூகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. இந்தியர்களை நம்பிப் பதிவான கட்சிகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதுமா என்பது எனக்குச் சந்தேகமே. சுங்கை சிப்புட் கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2008 மார்ச் 8. அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்தான், 2007 நவம்பர் 25-இல், இண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்திருந்தன. நான் அப்போது பள்ளி மாணவி. ஆயுள் முழுவதும் தராசுக்கே போட்டுப் பழகிய என் அப்பா, அன்று வாக்களித்துவிட்டு வந்து யாரிடமும் பேசாமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த டத்தோ ஸ்ரீ சாமிவேலு 1,821 வாக்குகளில் தோற்றார். வென்றவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். சோசலிசக் கட்சிக்காரர், ஆனால் நின்றது கெஅடிலான் கட்சியின் கண் சின்னத்தில். ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் போட்டியிட்ட ம.இ.கா.வுக்கு மூன்றுதான் மிஞ்சியது.

அதே டாக்டர் 2013-இலும் கண் சின்னத்திலேயே வென்றார். 2018-இல் தம் சொந்தக் கட்சியின் கை முட்டிச் சின்னத்தில் நின்றபோது கிடைத்தவை 1,505 வாக்குகள். வைப்புத் தொகையும் போயிற்று. அதே மனிதர், அதே தொகுதி, அதே சேவை. மக்கள் அவரை வெறுத்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. அந்த ஆண்டு அவர்கள் மத்திய அரசாங்கத்தை மாற்ற நினைத்தார்கள், அதற்கு எந்தச் சின்னம் உதவும் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். கேமரன் மலையில் அதே தேர்தலில் ம.இ.கா. வேட்பாளர் 597 வாக்குகளில் ஜ.செ.க.வை வென்றார். சோசலிசக் கட்சிக்கு அங்கே கிடைத்தவை 680. அந்த 680 பேரும் ஜ.செ.க.வுக்குப் போட்டிருப்பார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்து இரண்டு பெரிய கட்சிகளும் யோசித்திருக்கும். செல்லாத வாக்குக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: கட்சியின் பெயரோடு எண்ணப்படுகிறது, என்ன கேட்டுப் போட்டார்கள் என்று ஓரளவு தெரிகிறது.

பிறகு 2008-இல் மட்டும் ஏன் அந்தக் கோபம் அப்படிப் பலித்தது? கணக்கு எளிது. ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் அவர் வழக்கமாகப் போடும் கட்சிக்கு ஒரு வாக்கு குறையும். சிறிய கட்சிக்குப் போட்டாலும் அதே ஒன்றுதான் குறையும். எதிரில் வெல்லக்கூடியவருக்குப் போட்டால் இங்கே ஒன்று குறைந்து, அங்கே ஒன்று கூடும். இடைவெளி இரண்டாக நகர்கிறது. அப்பா போன்றவர்கள் அன்று செய்தது அதைத்தான். போன வாக்கு திரும்பி வரக்கூடும் என்று தெரிந்ததால் அடுத்து வந்த ஆண்டுகளில் நம்மைத் தேடி வந்தார்கள். 2013 ஏப்ரலில் தேசிய முன்னணி இண்ட்ராஃபின் ஒரு பிரிவோடு ஒப்பந்தமே போட்டது. அதன் தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சரானார். ஓராண்டுகூட முடியாமல் 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். கிடைத்தது போதுமா என்பது வேறு வழக்கு. பேச்சு வார்த்தைக்கு அழைத்தார்கள் என்பது பதிவாகிவிட்டது.

2024 மே 11-இல் கோலகுபு பாரு இடைத்தேர்தல் வந்தபோது, இந்தியர்கள் இந்தத் தேர்தலைப் புறக்கணிக்க வேண்டும், எதிர்ப்பைக் காட்ட வேண்டும் என்ற குரல்கள் வெளிப்படையாகவே எழுந்தன. வாக்களித்தவர்கள் சுமார் 61 விழுக்காடு. பக்காத்தான் ஹராப்பானின் ஜ.செ.க. வேட்பாளர் 3,869 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். வராத நம் ஆட்களில் எத்தனை பேர் கோபத்தில் வரவில்லை, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள்? ஆளுக்கொரு விளக்கம், ஜொகூர் போலவே.

கட்சிக்காரர்கள் இதை முற்றிலும் கவனிப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. வாக்களிப்பு மையத்தில் சாலுரான் என்று பிரிக்கிறார்களே, அது வயது வரிசை. முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். ஒவ்வொன்றின் முடிவும் தனித்தனியாக முகவர்கள் கைக்குப் போகிறது. எந்த வயதுக்காரர் வந்தார், யார் யாருக்குப் போட்டார் என்பதைக் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு போட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே பெரியவரின் கேள்விக்கு என் பதில் பாதி ஆம், பாதி இல்லை. அவர் வயதுக்காரர்கள் குறைந்தது தெரிந்திருக்கும். ஏன் குறைந்தார்கள் என்பது தெரிந்திருக்காது. ஆள் குறைந்தாலும் 40 தொகுதிகள் கிடைக்கிறபோது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசரமும் இருந்திருக்காது.

பதிவு முடிந்து வெளியே வரும்போது வாகன நிறுத்துமிடத்தில் அவரைப் பார்த்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கைப்பேசியை எடுத்து, தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் தம் அடையாள அட்டை எண்ணைத் தட்டச் சொன்னார். அவருக்கு 2-ஆம் சாலுரான். பிறகு மகனுடைய எண்ணையும் சொன்னார். 6-ஆம் சாலுரான், அதே பள்ளிக்கூடம்.

"அவன் சிங்கப்பூருல இருக்கான், தங்கச்சி. சனிக்கிழமையும் வேலை" என்றார்.