வீட்டைக் காட்டுபவர் யாருடைய ஆள்?

வீடு வாங்கப் போகிறோம் என்று நாலு பேரிடம் சொன்னால் போதும், கைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். தெருமுனைத் தரகர், அடுக்ககத் திட்டத்தின் விற்பனையாளர், இணையதளத்தில் எண்ணைப் பார்த்து அழைப்பவர், ‘ஓனரோட பவர் என்கிட்டதான் இருக்கு’ என்பவர் எனப் பலரும் வருவார்கள். எல்லோரும் ஏஜென்ட் என்றே தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். ஆனால் சட்டத்தில் இவர்களின் நிலை வேறு வேறு. இவர்களுக்குப் பணம் தருபவரும் வேறு வேறு. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் போடும் குடும்பம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

உள்ளூர்த் தரகர்

பழைய வீடு, தனி மனை என்றால் இன்றும் இவரை நாடாமல் முடியாது. எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்தச் சொத்தில் அண்ணன் தம்பி தகராறு இருக்கிறது என்பது இவருக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. கமிஷன் பெரும்பாலும் விலையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம். இது வழக்கத்தில் வந்த விகிதம்தான் என்பதால் பேசிக் குறைக்கலாம். பல நேரங்களில் விற்பவர், வாங்குபவர் இருவரிடமுமே அவர் கமிஷன் வாங்குவார்.

அவருடைய கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். 80 லட்ச ரூபாய் வீட்டின் விலை 5 லட்சம் குறைந்தால், இரண்டு சதவீதக் கமிஷனில் அவருக்குக் குறைவது 10,000 ரூபாய்தான். வியாபாரம் முறிந்தாலோ முழுக் கமிஷனும் போய்விடும். எனவே விலை ஏறுவதையும் இறங்குவதையும் விட, விற்பனை சீக்கிரம் முடிவதே அவருக்கு முக்கியம். ‘இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க, வேற பார்ட்டி ரெடியா இருக்கு’ என்று அவர் அவசரப்படுத்தும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் சில லட்சங்களை வைத்து விற்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. உரிமையாளரை நேரில் சந்தித்து அவர் வாயாலேயே விலையைக் கேட்பதுதான் இதற்கு வழி. அந்தச் சந்திப்பைத் தரகர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பதிவு பெற்ற முகவர்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சு வழக்கில் ‘ரெரா’, முகவர்களையும் கட்டுப்படுத்துகிறது. பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் மனையோ வீடோ விற்றுத்தரும் முகவர், மாநில ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதை விற்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்; விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அது போகலாம். முகவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு விற்கும் மறுவிற்பனைக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் எழும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் பதிவிலிருந்து விலக்கு உண்டு. அங்கெல்லாம் உங்கள் விழிப்புதான் காவல்.

கட்டுநர் தரப்பினர்

மாதிரி வீட்டைச் சுற்றிக்காட்டுபவர் பெரும்பாலும் கட்டுநரின் சம்பள ஊழியர். ‘சேனல் பார்ட்னர்’ என்ற பெயரில் வருபவர் கட்டுநரிடம் கமிஷன் பெறுபவர். ‘உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை’ என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கமிஷன் தரும் திட்டங்களை மட்டுமே அவர் காட்டுவார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பதிவான திட்டங்களில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க மறுக்கலாம்.

பவர் ஏஜென்ட்

இவரிடம்தான் கூடுதல் கவனம் தேவை. இவர் உரிமையாளரின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர். பவர் பத்திரம் பதிவானதா, விற்கவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் இருக்கிறதா, பின்னர் அது ரத்து செய்யப்பட்டதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எனவே அவர் உயிருடன் இருக்கிறாரா என்பதை நேரில் உறுதி செய்யுங்கள். முடிந்தவரை பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். விலையைக் கொடுத்துவிட்டு உங்கள் பெயரில் பவர் மட்டும் எழுதிக்கொள்வதில் நிறைவடையாதீர்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

உரிமையாளரிடம் விற்பனை அக்ரிமென்ட் மட்டும் போட்டுவிட்டு, அதிக விலைக்கு ஆள் தேடுபவரும் உண்டு. அக்ரிமென்ட் போட்டதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியவர் உண்மையான உரிமையாளர்தான்.

வாங்குபவர் செய்ய வேண்டியது

எந்த ஏஜென்டிடமும் முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்? உங்களுக்குப் பணம் தருபவர் யார்? இரு தரப்பிலும் வாங்குகிறீர்களா? கமிஷன் எவ்வளவு, எப்போது, கிரயம் நடக்காவிட்டால் என்ன என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கிரயம் பதிவான அன்று கொடுப்பதாக எழுதிக்கொண்டால், பதிவு நாள் வரை அவர் உடன் நிற்பார்.

‘டாக்குமென்ட் எல்லாம் கிளியர்’ என்று ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் வராது. ஆகவே மூலப்பத்திரம் முதல் பட்டா வரை, நீங்களே தேர்ந்தெடுத்த வழக்கறிஞர் படித்துக் கருத்துத் தரட்டும். ஏஜென்ட் கூட்டிவரும் வழக்கறிஞர் வேண்டாம். வீடு தேடித் தந்த உழைப்புக்கு ஏஜென்டுக்கு உரிய கமிஷனை மனமுவந்து கொடுங்கள். உங்கள் பக்கம் மட்டுமே நின்று பேச ஒருவர் வேண்டுமென்றால், அவருக்கான கட்டணத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.