அப்பா சட்டையில் ஒரு போர்வை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் எல்லாம் பஸ் ஏறிய பிறகு, வீட்டில் ஒரு வேலை மிச்சமிருக்கும். போனவரின் துணிமணிகளை என்ன செய்வது? சிலர் ஆற்றில் விடுவார்கள். சிலர் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். 'வீட்டில் வைத்திருந்தால் ஆகாது' என்று சொல்ல ஒரு பெரியம்மா எப்போதும் இருப்பார். ஆனாலும் ஒரு சட்டையாவது, ஒரு சேலையாவது பீரோவின் அடித்தட்டில் தங்கிவிடுகிறது.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அந்தச் சட்டைக்குக் கனம் அதிகம். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இங்கே உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் மட்டும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படிப் போனவர்கள் அன்று உடுத்தியிருந்த துணி வீட்டுக்கு வருவதில்லை. முந்தின நாள் துவைத்துக் கொடியில் காயப்போட்டதுதான் மிஞ்சும்.

அது பெரும்பாலும் பருத்தித் துணி. நைலான், பாலியஸ்டர் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். சிறு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. அதனால் ஆலைக்குள் பருத்திதான் உடுத்த வேண்டும். கையால் போர்வை தைக்கவும் பருத்திதான் தோது. ஊசி சுலபமாக இறங்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்.

இப்படிப்பட்ட உழைப்புத் துணியில் தைத்த போர்வை ஒன்று உலகம் அறிந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் கிராமம். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-ல் இறந்த கணவரின் வேலைத் துணிகளை வெட்டி, மகளையும் உடன் வைத்துக்கொண்டு ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுப்பதற்காக. வெளுப்பும் கறையும் அப்படியே தெரியும் அந்தப் போர்வை பின்னாளில் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டது. நமக்கும் இது அந்நியமில்லை. பாட்டி சேலையில் தூளி கட்டாத வீடு எது?

தைக்க நினைப்பவர்கள் கத்தரிக்கோலை எடுக்க அவசரப்பட வேண்டாம். வெட்டினால் வெட்டினதுதான். வீட்டில் எல்லோரையும் கேளுங்கள், முக்கியமாக அம்மாவை. முதல் திவசம் வரை காத்திருந்தாலும் தப்பில்லை. வாசனைக்காக ஒரே ஒரு துணியைத் துவைக்காமல் கவரில் போட்டு வைப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. மருந்துத் தூளும் அலுமினியப் பவுடரும் படிந்த வேலைச் சட்டையைப் போர்வையில் சேர்க்காதீர்கள். மருந்து ஏறிய துணியில் தீ சட்டென்று பிடிக்கும். குழந்தையின் தோலுக்கும் ஆகாது. வீட்டில் உடுத்தியதே போதும். கல்யாணப் பட்டு வேட்டியைவிட, தினமும் உடுத்தி நைந்த கட்டம் போட்ட சட்டையில்தான் அவர் அதிகம் இருக்கிறார்.

துணியை 6.5 அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 6 அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 9, ஆக 54 சதுரம். மூன்றடிக்கு நாலரையடிப் போர்வை ஆயிற்று. நான்கைந்து சட்டையும் ஒரு சேலையும் இருந்தால் தாராளம். சட்டைப் பையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு சதுரமாக வெட்டுங்கள். பேரப்பிள்ளைகள் முதலில் கைவிடும் இடம் அதுதான்.

சதுரங்களை இணைத்த பிறகு, நடுவில் இரண்டாக மடித்த பழைய பருத்திச் சேலை, அடியில் வேட்டி. மூன்றையும் பெரிய பெரிய தையலாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சாதாரண ஓட்டுத் தையல் போடுங்கள். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள், பழந்துணியில் தைக்கும் 'கவந்தி' போர்வைக்கு விளிம்பில் தொடங்கி உள்ளே போவார்கள். அது பழகிய கை. புதிதாகத் தைப்பவர்களுக்கு அப்படிச் செய்தால் துணி நடுவில் சுருண்டுகொள்ளும்.

மெஷினில் ஒரே நாளில் முடிக்கலாமே என்றால், முடிக்கலாம். ஆனால் கைத்தையலில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, 'இது அவர் சாத்தூர் சந்தைக்குப் போட்டுப் போன சட்டை' என்று பேச நேரம் கிடைக்கிறது. துக்க வீட்டில் பேச ஆள் வேண்டும். கைக்கு ஒரு வேலையும் வேண்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும் நாட்கள் இதற்கு வசதி.

மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரே போர்வை சண்டையில்தான் முடியும். அங்கே 54 சதுரத்தை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கு 18 வைத்து ஒரு சின்ன விரிப்பாகத் தைத்துக்கொள்ளலாம். சட்டைப் பை யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.